கல்விச்சபைக்கு நிற்கிறவரின் ஏழு வாக்குறுதிகள்: உறுப்பினரால் எது ஏலும், எது ஏலாது?

கரவைக்குயில்:

வணக்கம். ஸ்காபரோப் பக்கம் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபைக்கு அடுத்தமுறை நிற்கப்போவதாகச் சொல்லுகிற ஒருவரின் கொள்கைப் பட்டியல் வட்சப் குழுக்களில் சுற்றுகிறது. ஆளை விடுவம், பேர் ஊர் இங்கே வேண்டாம். பட்டியலைப் பார்ப்பம்:

1. எந்த வகுப்பிலும் 20 பிள்ளைகளுக்கு மேல் இருக்க விடமாட்டேன்.
2. வீட்டு வரியில் கல்விக்குப் போகும் பங்கைக் குறைப்பேன்.
3. தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் எல்லாப் பாடசாலையிலும் தமிழ் வகுப்பு.
4. கைத்தொலைபேசிக்கு முழுத் தடை.
5. கலைப் பாடசாலைகளுக்குக் குலுக்கல் இல்லாமல் திறமை பார்த்துச் சேர்ப்பு.
6. விசேட கல்விக்குக் காத்திருக்கும் காலத்தைப் பாதியாக்குவேன்.
7. எங்கள் வட்டாரத்தில் ஒரு பாடசாலையும் மூடப்படாது.

இதில் ஒரு உறுப்பினரின் கைக்கு எட்டுவது எது? சட்டம், விதி தெரிந்தவர்கள் இலக்கத்தோடு சொன்னால் நல்லது. 'எல்லாரும் கள்ளர்' வகைப் பதில் வேண்டாம், அது முகப்புத்தகத்தில் தாராளமாகக் கிடைக்கும்.

கணக்கப்பிள்ளை:

அக்கா, 2ஆவதை முதலில் வெட்டிவிடலாம். 1998இலிருந்து ஒன்ராறியோவில் எந்தக் கல்விச்சபைக்கும் வரி விதிக்கிற அதிகாரம் இல்லை. 1997இல் வந்த சட்டமூலம் 160 அதை மாகாணத்தின் கைக்கு மாற்றிவிட்டது. வீடுகளுக்கான கல்வி வரி வீதத்தை நிதியமைச்சுத்தான் நிர்ணயிக்கிறது. 2020இல் அது 0.153 வீதம் ஆனது. சொத்து மதிப்பீட்டு நிறுவனமான எம்பாக் 7 லட்சம் டொலர் என்று மதிப்பிட்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 1,071 டொலர். அந்த மதிப்பீடும் 2016 ஜனவரி 1 விலையில் நின்றுபோனது. இதில் கல்விச்சபை உறுப்பினர் தொடுவதற்கு ஒன்றுமே இல்லை. மாநகர சபை உறுப்பினர்கூட இந்தப் பங்கைத் தொட ஏலாது, அவர்கள் வசூலித்துக் கொடுப்பதோடு சரி.

1ஆவது பாதி உண்மை, பாதி வெறும் பேச்சு. வகுப்பு அளவு மாகாண ஒழுங்குவிதியில் இருக்கிறது. 1 தொடக்கம் 3ஆம் வகுப்பு வரை: சபையின் வகுப்புகளில் குறைந்தது 90 வீதம் 20 பிள்ளைகளுக்குள், மிச்சம் 23க்குள். 4 தொடக்கம் 8 வரை: சபை முழுவதற்கும் சராசரி 24.5. உயர்நிலை: சராசரி 23. கவனிக்க வேண்டிய சொல் 'சராசரி'. ஒரு பாடசாலையில் ஐந்தாம் வகுப்பில் 31 பேர் இருக்கலாம், இன்னொன்றில் 18 பேர் இருக்கலாம், சபை விதியை மீறவில்லை. இதைவிடக் குறைக்க வேண்டுமென்றால் சபை தன் காசில் ஆசிரியர் எடுக்க வேண்டும். சம்பளம், சலுகை எல்லாம் சேர்த்து ஒரு ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டொலருக்கு மேல் போகும். பாடசாலைக்கு ஒருவர் என்று வைத்தாலும் 580 பாடசாலை அளவுள்ள சபைக்கு ஐந்தரைக் கோடி டொலர் தாண்டும். அந்தக் காசு வேறு எந்த இடத்திலிருந்து வெட்டப்படும் என்று சொல்லாத வாக்குறுதியைக் கணக்கிலேயே எடுக்கத் தேவையில்லை.

செப்டெம்பர் கடைசியில் வகுப்புகளை உடைத்து மூன்றாம் நான்காம் வகுப்புகளைச் சேர்த்துவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு வருசமும் பெற்றோர் குமுறுவதற்கும் இதே விதிதான் காரணம். கோடையில் மதிப்பிட்ட எண்ணிக்கை ஒன்று, வந்து இருக்கிற பிள்ளைகள் இன்னொன்று. மாகாணப் பணம் ஒக்டோபர் 31, மார்ச் 31 ஆகிய இரண்டு நாள் எண்ணிக்கையில் வருகிறது. அதனால் பதிவைப் பிந்திப் போடுகிற பெற்றோர் கூடிய பாடசாலைதான் கூடுதலாக அடிவாங்கும்.

தாவடியான்:

அப்ப 4உம் 7உம்?

கணக்கப்பிள்ளை:

4: 2024 செப்டெம்பரிலிருந்து மாகாணம் முழுவதற்கும் ஒரே விதி. ஆறாம் வகுப்பு வரை நாள் முழுவதும் நிறுத்தியோ சத்தமில்லாமல் ஆக்கியோ உள்ளே வைக்க வேண்டும், 7 தொடக்கம் 12 வரை வகுப்பு நேரத்தில் பாவிக்க ஏலாது, ஆசிரியர் அனுமதித்தால் தவிர. ஏற்கெனவே இருக்கிற ஒன்றை வாக்குறுதியாகத் தருகிறார். அதைவிட இறுக்கமாகச் சபை போடலாம். ஆனால் நடைமுறையில் சிக்கல் யார் வாங்கி எங்கே வைப்பது, தொலைந்தால் யார் பொறுப்பு என்பதில்தான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

7: 2017இலிருந்து மாகாணம் பாடசாலை மூடுவதற்குத் தடை போட்டு வைத்திருக்கிறது. உறுப்பினர் விரும்பினாலும் மூட ஏலாது. மழை பெய்யாத ஊரில் குடை தருகிறேன் என்கிற கதை. கேட்க வேண்டியது எல்லை மாற்றம் பற்றி. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவது, பிரெஞ்சிலேயே பாடம் நடக்கும் 'மூழ்கல்' வகுப்பு எந்தக் கட்டடத்தில், எத்தனையாம் வகுப்போடு பாடசாலை முடிகிறது: இவை எல்லாம் சபை வாக்கெடுப்பில் முடிவாகிறவை. பெற்றோரின் அன்றாடத்தில் கூடுதலாகக் கைவைப்பதும் இவைதான்.

சுபா:

6ஆவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் கூடுதலாக ஏமாறுகிறார்கள்.

விசேட கல்வியில் மூன்று வெவ்வேறு காத்திருப்புகள் இருக்கின்றன. ஒன்று, உளவியலாளரின் கல்வி மதிப்பீட்டுக்கு. இரண்டு, பிள்ளையை அடையாளம் கண்டு எங்கே சேர்ப்பது என்று தீர்மானிக்கும் ஐபிஆர்சி குழுவுக்கு. மூன்று, தீர்மானித்த பிறகு அந்த வகுப்பில் இடம் கிடைப்பதற்கு. இரண்டாவதற்குச் சட்டப்படி காலவரை இருக்கிறது. பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்க ஏலாது, 15 நாளுக்குள் பெற்றோர் கையேட்டையும் கூட்டம் எப்போது நடக்கும் என்ற உத்தேசத் தேதியையும் எழுத்தில் தர வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் மறுகூட்டம் கேட்கலாம், 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். வகுப்பில் சேர்ந்து 30 பாடசாலை நாளுக்குள் ஐஈபி என்கிற தனிக் கல்வித் திட்டம் கையில் வர வேண்டும்.

வருடக்கணக்காக இழுபடுவது முதலாவது. ஆளணிப் பற்றாக்குறைதான் காரணம். உறுப்பினர் இதில் செய்யக்கூடியது இரண்டு. வரவுசெலவில் உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் பதவிகளை வெட்டவிடாமல் வாக்களிப்பது ஒன்று. ஒவ்வொரு சபையிலும் கட்டாயம் இருக்க வேண்டிய சீக் என்கிற விசேட கல்வி ஆலோசனைக் குழுவில் இருந்து, காத்திருப்போர் எண்ணிக்கையைப் பகிரங்க அறிக்கையாகக் கேட்டு வாங்குவது மற்றது. அந்தக் குழு பாடசாலை ஆண்டுக்குக் குறைந்தது பத்துமுறை கூட வேண்டும். 'பாதியாக்குவேன்' என்கிறவர் இப்போதைய எண்ணிக்கையைச் சொல்லவில்லை. எதன் பாதி?

உங்கட பிள்ளைக்கு இடம் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு உறுப்பினர் சொன்னால் விலகி நில்லுங்கோ. தனிப் பிள்ளையின் விடயத்தில் தலையிடுவது அவரின் வேலை இல்லை. அன்றாட நிர்வாகத்தைப் பணிப்பாளரிடம் விட வேண்டும் என்று கல்விச் சட்டத்தின் 218.1ஆம் பிரிவே சொல்கிறது.

வன்னிமைந்தன்:

சுபா அக்கா சொன்ன 218.1இலேயே இன்னொரு கடமையும் இருக்கு. சபை ஒரு தீர்மானம் எடுத்தால், எதிர்த்து வாக்களித்தவரும் அது நிறைவேறுவதற்கு ஆதரவாக நிற்க வேணும். சண்டை பிடிக்கலாம், தோத்த பிறகு குறுக்க நிற்கேலாது. 'நான் தனியாளாய் நிப்பாட்டுவன்' எண்டு சொல்லுறவைக்கு இது தெரியாது போல.

கணக்குப் பார்த்தால் 22 உறுப்பினர். எல்லாரும் வந்தால் ஒரு பிரேரணைக்கு 12 கை வேணும். முதல் ஒரு கூட்டத்தில அறிவித்தல், அடுத்ததில விவாதம், வழிமொழிய ஒராள். அதால வேட்பாளரிட்டக் கேட்க வேண்டியது, மற்ற 11 பேரை எப்படிச் சேர்ப்பியள் எண்டது.

கரவைக்குயில்:

3, 5 மிச்சம். தமிழ் வகுப்பு என்றால் எங்கட ஆட்கள் உடனே கைதட்டுவார்கள், அதுதான் கேட்கிறேன்.

சுபா:

தமிழ் வகுப்பு உறுப்பினரின் கருணையால் வருவதில்லை. ஆரம்ப வகுப்புகளுக்கான சர்வதேச மொழித் திட்டம் மாகாண ஒழுங்குவிதியில் உள்ளது. போதிய எண்ணிக்கை பிள்ளைகளின் பெற்றோர் எழுத்தில் கேட்டால் சபை வகுப்பு நடத்தியே ஆக வேண்டும். வகுப்பு இல்லாமல் போவது பெரும்பாலும் அரசியலால் இல்லை, பதிவால். பக்கத்துப் பக்கத்தில் மூன்று பாடசாலையில் எட்டு எட்டுப் பேராகப் பதிந்தால் மூன்றும் விழும், ஒரே இடத்தில் பதிந்தால் ஒன்று நிற்கும். பெற்றோர் செப்டெம்பர் நடுப்பகுதி வரை பார்த்திருந்து பதிவதும் அதே வினையைத்தான் செய்யும். 'எல்லாப் பாடசாலையிலும்' என்கிறது உண்மையில் வகுப்புகளைக் கொல்லுகிற யோசனை.

உயர்நிலையில் தமிழ், திறமைப் புள்ளிக்குரிய (கிரெடிட்) பாடம். உயர்நிலைப் பட்டயத்துக்கு வேண்டிய 30 புள்ளிகளில் சேரும். உறுப்பினரிடம் கேட்பதென்றால் இதைக் கேளுங்கோ: வரவுசெலவில் துண்டு விழும்போது மாலை, சனிக்கிழமைக் கட்டடச் செலவை முதலில் வெட்டுவீர்களா?

கணக்கப்பிள்ளை:

5ஆவது மட்டும்தான் பட்டியலில் முழுக்கச் சபைக்கு உரிய கேள்வி. நல்ல விவாதம் நடக்க வேண்டியதும் அதில்தான். 2022 மே மாதம் ரொறன்ரோ சபை உறுப்பினர்கள் வாக்களித்து, கலை, விளையாட்டு முதலிய விசேட பாடசாலைகளில் நேர்முகத் தேர்வு, பழைய புள்ளி இவற்றை எடுத்துவிட்டு விருப்பம் தெரிவித்தோருக்குள் குலுக்கல் என்று மாற்றினார்கள். காரணம் சொன்னது, தனியார் பயிற்சிக்குக் காசு கட்டக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகளே கூடுதலாக உள்ளே போகிறார்கள் என்பது. எதிர்த்தவர்கள் சொன்னது, வயலின் தொடாத பிள்ளையும் பத்து வருசம் வாசித்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தால் இரண்டு பேருக்கும் நட்டம் என்பது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் கருத்தில், குலுக்கலுக்குப் பதில் ஆரம்பப் பாடசாலைகளில் இசை ஆசிரியரைப் போட்டிருந்தால் வாசலிலேயே நிற்கும் வித்தியாசம் குறைந்திருக்கும்.

ஆனால் 2025இல் சபையை நடத்த மாகாணம் நியமித்த மேற்பார்வையாளர் வந்தபின் குலுக்கல் கைவிடப்பட்டுவிட்டது. 5ஆவதும் காலம் கடந்த வாக்குறுதி.

தாவடியான்:

இதுதான் நானும் சொல்ல வந்தது. 2025 ஜூன் 27 அன்று ரொறன்ரோ பொதுச் சபை, ரொறன்ரோ கத்தோலிக்கச் சபை, ஒட்டாவா, டஃபரின்-பீல் கத்தோலிக்கம் நான்கையும் மாகாணம் மேற்பார்வையின் கீழ் கொண்டு வந்தது. அதற்கு முன் ஏப்ரலில் தேம்ஸ் வாலி கல்விச்சபை. இந்த நிலையில் உறுப்பினருக்கு வாக்கும் இல்லை, கூட்டமும் இல்லை. நவம்பரில் சட்டமூலம் 33 நிறைவேறி, சபைகளைப் பொறுப்பெடுப்பது அமைச்சருக்கு இன்னும் இலகுவாகிவிட்டது. தெற்கில் ஒரு கத்தோலிக்கச் சபையின் நாலு உறுப்பினர் 2024இல் பாடசாலைகளுக்குச் சமயச் சிற்பம் வாங்க இத்தாலிக்குப் பறந்து ஒரு லட்சம் டொலருக்கு மேல் செலவழித்த கதையும் நாடறியும். நோவா ஸ்கோசியா 2018இலேயே ஆங்கிலச் சபைகளைக் கலைத்தது. கியூபெக் 2020இல் பிரெஞ்சுச் சபைகளைச் சேவை மையங்களாக்கியது. தேவையில்லாத பதவி, எடுத்துவிட வேண்டியதுதானே?

வன்னிமைந்தன்:

அண்ணை, இத்தாலி கதையை ஒருத்தரும் நியாயப்படுத்தேலாது. ஆனா பற்றாக்குறை எங்கயிருந்து வந்தது எண்டும் பார்க்க வேணும். சம்பள ஒப்பந்தத்தின்ர பெரிய பகுதி 2014 சட்டத்துக்குப் பிறகு மாகாண மேசையில பேசி முடியுது. கட்டடம் மூடத் தடை, ஆனால் பாதி காலியான கட்டடத்துக்கும் சூடேற்ற வேணும். விசேட கல்விக்கு வாற காசை விடக் கூடச் செலவழிக்கிற சபைகள் எத்தினை. இவ்வளவையும் கட்டிப்போட்டு, கணக்குச் சரி வரேல்லை எண்டு சொல்லுறது ஒரு பக்கம்தான்.

மேற்பார்வையாளரிட்ட ஒரு எல்லை மாற்றத்தைப் பற்றி முறையிட எந்தக் கூட்டத்துக்குப் போறது? சபை கூடேக்க பெற்றோர் முன்கூட்டிப் பதிஞ்சு சில நிமிசம் பேசலாம், வாக்கு கூட்டக் குறிப்பில பதிவாகும், நாலு வருசத்தில ஆளை மாத்தலாம். சபைகளில மாணவர், குடும்பங்களுக்கு உதவி அலுவலகம் திறக்கினம், அது முறைப்பாடு வாங்கும், வாக்களிக்காது.

சம்பளத்தையும் சொல்லிப்போட்டு விடுறன், ஆட்கள் பெரிசாய் நினைக்கினம். விதிப்படி அடிப்படை உச்சம் 5,900 டொலர். அதோட மாணவர் தொகையை 1.75 டொலரால பெருக்கி உறுப்பினர் எண்ணிக்கையால பிரிக்க வாறது. 2,40,000 மாணவர், 22 உறுப்பினர் எண்டு வைச்சால் 19,090. ரெண்டும் சேர்ந்து ஏறக்குறைய 25,000. சின்னச் சபையில 8,000, 9,000 தான் வரும்.

படிவம்நாலு:

நிற்க யோசிக்கிறவர்களுக்காக நடைமுறையைப் போடுகிறேன். மாகாணம் இந்தப் பதவியையே மாற்றிக்கொண்டிருக்கிற காலம், ஆகவே தாக்கல் செய்ய முன் மாநகரக் கிளார்க் அலுவலகத்தில் உறுதிப்படுத்துங்கோ. கீழே உள்ளது மாநகரத் தேர்தல் சட்டத்தின் வழமை.

தேர்தல் நாலு வருசத்துக்கு ஒருமுறை, ஒக்டோபர் நாலாவது திங்கள். கடைசியாக 2022 ஒக்டோபர் 24. நியமனம் மே மாதம் தொடங்கி ஓகஸ்ட் மூன்றாவது வெள்ளி பிற்பகல் 2 மணிக்கு மூடும். 2.05க்குப் போனால் கதவுதான் பார்க்கலாம். கட்டணம் 100 டொலர், நிதி அறிக்கையை நேரத்துக்குக் கொடுத்தால் திரும்பும். கனடியக் குடியுரிமை, 18 வயது, அந்தச் சபை எல்லைக்குள் வசிப்பு, அந்தச் சபையின் ஆதரவாளர் என்ற பதிவு. அந்த வட்டாரத்துக்குள்ளேயே வசிக்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் எந்தக் கல்விச்சபையில் வேலை செய்தாலும், நியமனம் கொடுக்க முன் சம்பளமில்லா விடுமுறை எடுக்க வேண்டும், வென்றால் வேலையை விட வேண்டும்.

தாக்கல் செய்ய முன் ஒரு சதமும் சேர்க்கவோ செலவழிக்கவோ ஏலாது. இப்போது அந்த ஆள் வட்சப்பில் கருத்துச் சொல்லலாம், பிரசுரம் அச்சடித்தால் பிரச்சினை. பிறகு தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலர் வரை. காசாக 25க்கு மேல் வாங்கக் கூடாது. 100 டொலருக்கு மேல் தந்தவரின் பெயர், விலாசம் அறிக்கையில் பகிரங்கமாக வரும், அதை முதலே சொல்லி வையுங்கோ. நிரந்தர வதிவிடக்காரர் வாக்களிக்க ஏலாது, ஆனால் ஒன்ராறியோவில் வசித்தால் நன்கொடை தரலாம். ரொறன்ரோவின் நன்கொடைத் திருப்பித்தரும் திட்டம் மேயருக்கும் மாநகர உறுப்பினருக்கும் மட்டும், கல்விச்சபைக்கு இல்லை.

எங்கட ஆட்கள் சறுக்கும் இடம் இது: நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தர ஏலாது. 800 டொலர் பெறுமதியான பதாகையைத் தெரிந்த அச்சகம் 300க்கு அடித்துத் தந்தால், மிச்ச 500 நன்கொடை. அச்சகம் பதிவுசெய்த கொம்பனி என்றால் அது சட்டவிரோத நன்கொடை. மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. முழு விலைக்குப் பற்றுச்சீட்டு எடுத்து தேர்தல் கணக்கிலிருந்து கட்டுங்கோ. போனமுறைப் பலகையை மீண்டும் நட்டாலும் இன்றைய விலையில் செலவாகக் காட்ட வேண்டும். தொண்டரின் உழைப்புக்கு மட்டும் விலை போடத் தேவையில்லை. வானொலி எல்லா வேட்பாளருக்கும் சமமாக இலவச நேரம் தந்தால் அது நன்கொடை ஆகாது, ஒருவருக்கு மட்டும் தந்தால் ஆகும்.

செலவு உச்சம்: 5,000 டொலரும் வாக்காளருக்கு 85 சதமும். 60,000 வாக்காளர் என்றால் 56,000. யாரும் அவ்வளவுக்குப் போகத் தேவையில்லை. வரவோ செலவோ 10,000 தாண்டினால் கணக்காய்வாளர் அறிக்கை சேர்க்க வேண்டும். நிதி அறிக்கையான படிவம் 4 அடுத்த ஆண்டு மார்ச் கடைசி வெள்ளி 2 மணிக்குள். தவறினால் 500 டொலர் கட்டி 30 நாளுக்குள் கொடுக்கலாம். அதையும் விட்டால், வென்றவர் பதவி இழப்பார், தோற்றவரும் அடுத்த பொதுத் தேர்தலில் நிற்க ஏலாது. தோற்றபிறகு 'இனி எதுக்கு' என்று விடுகிறவர்கள்தான் இதில் மாட்டுவது.

மார்க்கம்வாசி:

வாக்காளர் பக்கமும் ஒரு சிக்கல் இருக்கு. எந்தச் சபைக்கு வாக்கு என்பது உங்கள் பள்ளி ஆதரவுப் பதிவைப் பொறுத்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஆங்கிலப் பொதுச் சபை. கத்தோலிக்கச் சபைக்கு வாக்களிக்க உரோமன் கத்தோலிக்கராக இருந்து, எம்பாக்கில் அப்படிப் பதிந்திருக்க வேண்டும். பிள்ளை கத்தோலிக்கப் பாடசாலையில் படிக்குது என்பதால் பதிவு தானாக மாறாது. வாடகைக்கு இருப்பவரும் பதியலாம், பதிய வேண்டும். வாக்காளர் பட்டியல் 2024 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோ தேர்தல் திணைக்களத்திடம், பள்ளி ஆதரவு எம்பாக்கிடம். இரண்டையும் தனித்தனியே பார்க்கோணும்.

மார்க்கத்தில் இணைய வாக்கு 2003இலிருந்தே. கல்விச்சபைப் பெயர்கள் மேயர், பிராந்திய, வட்டார உறுப்பினருக்குப் பிறகு கடைசியில் வரும், களைத்துப்போய்த் தாண்டிவிடுவார்கள். ரொறன்ரோவில் இன்னும் குழப்பம்: மாநகர வட்டாரம் 25, கல்விச்சபை வட்டாரம் 22. பக்கத்து வீட்டுக்காரருக்கு மாநகர உறுப்பினர் ஒரே ஆளாக இருக்கலாம், கல்விச்சபை வேட்பாளர் வேறாக இருக்கலாம்.

தாவடியான்:

பழைய உறுப்பினர் ஒருவர் திரும்ப நின்றால் எதைப் பார்ப்பது?

சுபா:

சபை இணையத்தளத்தில் கூட்டக் குறிப்புகள் இருக்கும். வருகை முதலில். அனுமதியில்லாமல் தொடர்ந்து மூன்று வழக்கமான கூட்டத்துக்கு வராவிட்டால் இருக்கை காலி, ஆனால் இரண்டுக்கு வராமல் மூன்றாவதற்கு வந்து குந்துகிறவர்களும் உண்டு. அடுத்தது ஜூன் மாத வரவுசெலவு வாக்கு, பெயரோடு பதியச் சொல்லிக் கேட்டாரா என்று. செலவுக் கோரிக்கைகள் தனியாகப் போடுவார்கள். கணவனோ மனைவியோ அதே சபையில் ஆசிரியர் என்றால், சம்பள விடயத்தில் முரண்நலன் அறிவித்து விலகினாரா என்று பாருங்கோ. மூடிய கூட்டத்தில் நடந்ததை வெளியில் சொல்லிப் பெருமைப்படுகிறவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கரவைக்குயில்:

எல்லாருக்கும் நன்றி. வட்சப் பட்டியல் போட்டவரிடம் மூன்று கேள்வி அனுப்பப்போகிறேன்: உளவியலாளர் பதவிகளை எந்தச் செலவை வெட்டிக் காப்பாற்றுவீர்கள், எல்லை மாற்றம் வந்தால் எந்தப் பாடசாலைப் பெற்றோரை முதலில் கூப்பிடுவீர்கள், மேற்பார்வை நீடித்தால் வாக்கில்லாத உறுப்பினராக என்ன செய்வீர்கள். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

படிவம்நாலு:

நாலாவதாக ஒன்றைச் சேருங்கோ அக்கா: படிவம் 4 என்றால் என்ன என்று.